தாய்மொழியில் சுழலும் காற்றாலை

(தனித்தமிழ் அன்பர்களின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தென்மார்க்கு நாட்டிற்குச் சென்று ஐந்து கிழமை தங்கித் திரும்பியிருக்கும் என்னை, அங்குக் கண்டவற்றைக் கூறுமாறு இம்மன்றத்தார் பணித்துள்ளனர். அயல்நாடு சென்று மீண்டவர் பேசும் பேச்சு எத்தகையதாக இருக்கும் என்பதை நாம் அறிவோம். அங்குத் தெருக்கள் துப்புரவாக உள்ளன; தொடர்வண்டி நேரந்தவறாமல் வருகின்றது; நம் நாடு என்றுதான் திருந்துமோ என்னும் பெருமூச்சோடு அப்பேச்சு முடியும். அதனால் கேட்பவர்க்குத் தாழ்வுணர்ச்சி வளருமேயன்றி வேறு பயன் விளையாது. ஆகலின் அவற்றையெல்லாம் விடுத்து, ஒன்றைப் பற்றி மட்டும் பேசக் கருதுகின்றேன். காற்றிலிருந்து மின்னாற்றல் எடுக்கும் தொழிலில் அச்சிறு நாடு உலகிற்கு முன்னோடியாக உயர்ந்தது எவ்வாறு? அவ்வுயர்வுக்கும் அம்மக்களின் தாய்மொழிக் கல்விக்கும் தொடர்பு உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் நான் கண்டறிந்த விடையை உங்கள் முன் வைக்கின்றேன்.

தென்மார்க்கு, தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கே உடையது. மக்கள் தொகை ஏறத்தாழ 60 இலக்கம்; சென்னைப் பெருநகர மக்களினும் குறைந்த தொகையினர். நாட்டின் மிக உயர்ந்த மேடே 171 மீட்டர்தான். நம்மூர்க் குன்றுகள் அதனைக் கண்டால் நகைக்கும். மலையில்லை, ஆகவே அருவியில்லை, அருவியில்லாமையால் நீர்மின்னாற்றலுக்கு வழியில்லை. சொல்லத்தக்க நிலக்கரி வளமும் இல்லை. இருப்பதோ மேலைக் கடலிலிருந்து ஆண்டு முழுதும் வீசும் காற்று. அக்காற்றிலிருந்துதான் இன்று அந்நாடு தன் மின்தேவையில் பாதிக்கு மேல் பெறுகின்றது. கடற்கரை நெடுகிலும், வயல்களின் நடுவிலும், கடலின் உள்ளேயும் வெண்ணிறத் தூண்கள் நின்று மூவிறகு விரித்துச் சுழலும் காட்சியை எவ்வூரிலும் காணலாம்.

காற்று வீசுவதனாலேயே காற்றாற்றல் கைவந்துவிடுமா? காற்று எல்லா நாட்டிலுந்தான் வீசுகின்றது. அதனைப் பிடித்து வேலை வாங்கும் அறிவு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. அதன் வேர் ஒரு மொழிப் போராட்டத்தில் இருக்கின்றது என்று நான் கூறினால் நீங்கள் வியப்படைவீர்கள். ஆயினும் உண்மை அதுவே.

மொழிகாக்கப் பிறந்த பள்ளி

பல நூற்றாண்டுகள் தென்மார்க்கில் கற்றோர் மொழி இலத்தீனாக இருந்தது. அரண்மனையிலும் படைத்துறையிலும் செருமன் மொழி செல்வாக்குற்றிருந்தது. உழவர் பேசிய தேனிய மொழியோ, அறிவு நுழையாத மொழியென ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. இந்நிலையை எதிர்த்து எழுந்தவர் கிருண்டுவிக் என்னும் பெருமகனார். 1783இல் பிறந்து 1872இல் மறைந்த அவர் சமயப் பணியாளர், பாவலர், வரலாற்றறிஞர். உழவர் பிள்ளைகளுக்கு அவர்தம் தாய்மொழியிலேயே உயர்கல்வி தரப்படல் வேண்டும். தேர்வுக்கெனக் கற்கும் செத்த கல்வி ஒழிதல் வேண்டும். ஆசிரியர் வாயிலிருந்து பிறக்கும் உயிருள்ள சொல்லே கல்வியின் அடிப்படை என அவர் வற்புறுத்தினார். அவர் கருத்தின் வழி எழுந்தவையே 'மக்கள் உயர்பள்ளிகள்'. அங்குத் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. வேளாண் வேலை குறைந்த பனிக்காலத்தில் இளைஞர் வந்து தங்கிக் கற்றுத் திரும்புவர்.

அத்தகைய பள்ளிகளுள் முதலாவது 1844இல் இரெடிங்கு என்னும் ஊரில் தோன்றியது. அவ்வூர் செருமன் மொழியும் தேனிய மொழியும் மோதிக்கொண்ட எல்லைப்புறமாகிய சிலெசுவிக்கு நாட்டில் உள்ளது. செருமன் மொழி மேலோங்கிவரும் இடத்தில் தேனிய மொழியைக் காப்பதற்கென்றே அப்பள்ளி அங்கு நிறுவப்பட்டது. 1864இல் நடந்த போரில் தென்மார்க்கு, பிரசியாவிடமும் ஆத்திரியாவிடமும் தோற்றது. சிலெசுவிக்கு பறிபோயிற்று, இரெடிங்கும் அயலார் ஆட்சிக்குள் சென்றது. அப்பொழுது அப்பள்ளி ஆசிரியர் என்ன செய்தனர்? பிழைப்புக்காகச் செருமன் மொழிக்கு மாறினரா? இல்லை. புதிய எல்லையைக் கடந்து வடக்கே வந்து, அசுகோவு என்னும் சிற்றூரில் 1865இல் பள்ளியை மீண்டும் தொடங்கினர். இரெடிங்கு தென்மார்க்கோடு மீண்டும் இணைவதற்கு 1920 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் மொழிகாக்க எல்லை கடந்துவந்த அசுகோவுப் பள்ளியோ அதற்குள் உலகிற்கே ஒரு புதிய ஒளியைத் தந்துவிட்டது.

காற்றையும் சொல்லையும் கட்டியாண்டோர்

1878இல் பவுல் இலா கூர் என்னும் அறிவியலறிஞர் அசுகோவுப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். தலைநகரில் வானிலை ஆய்வுத்துறையில் பணியாற்றியவர் அவர். அப்பணியை விட்டுவிட்டு, உழவர் மக்களுக்குக் கணக்கும் இயற்பியலும் கற்பிக்கச் சிற்றூர்ப் பள்ளியை நாடி வந்தார். மாணவர்க்கு விளங்கும்படி கணக்கியலையும் இயற்பியலையும் அவற்றின் வளர்ச்சி வரலாற்றோடு இணைத்துத் தம் தாய்மொழியிலேயே நூல்களாக எழுதினார்.

அந்நாளில் நகரங்களுக்கு மின்விளக்கு வந்துகொண்டிருந்தது. சிற்றூர்கள் இருளில் கிடந்தன. நகரத்தார்க்குக் கிட்டும் ஆற்றல் உழவர்க்கும் கிட்டாவிடின் நாட்டுப்புறம் தேய்ந்தொழியும் என்று இலா கூர் கருதினார். 1891இல் அரசின் பொருளுதவி பெற்று, பள்ளியருகே மின்னாற்றல் ஆக்கும் ஆய்வுக் காற்றாலை ஒன்றை நிறுவினார். காற்று சில வேளை வலிந்து வீசும்; சில வேளை அடங்கிவிடும். ஆற்றலைச் சேமித்து வைப்பது எப்படி? காற்றால் பெற்ற மின்னாற்றலை நீரில் செலுத்தி, நீரை நீர்வளி, உயிர்வளி என இரண்டாகப் பிரித்தார். அவ்வளியைத் தொட்டியில் தேக்கி வைத்து, 1895 முதல் ஏழாண்டுகள் பள்ளியின் விளக்குகளை எரித்தார். இன்று பசுமை நீர்வளி எனப் பேரரசுகள் பெருமுயற்சி செய்கின்றனவே, அதன் முன்னோட்டத்தை ஒரு சிற்றூர்ப் பள்ளியாசிரியர் 130 ஆண்டுகளுக்கு முன்னரே செய்துகாட்டினார். அசுகோவில் அவர் பெயரால் இன்று ஒரு காட்சியகம் உள்ளது. அவருடைய ஆய்வுக் கருவிகளைக் கண்டு நெடுநேரம் அங்கு நின்றேன்.

நம் போன்றோர் உன்னிப்பாகக் கேட்கவேண்டிய செய்தி ஒன்று இவ்விடத்தில் உண்டு. இலா கூர் தம் மாணவரிடம் அவ்விரு வளிகளையும் எப்பெயரால் கூறியிருப்பார்? 'ஐதரசன்' என்றோ 'ஆக்சிசன்' என்றோ கூற வேண்டிய தேவை அவருக்கு இல்லை. 'பிரிண்ட்டு' என்றும் 'இல்ட்டு' என்றும் தூய தேனியச் சொற்கள் ஆயத்தமாக இருந்தன. எரிதல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது ஒன்று. நெருப்பு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது மற்றொன்று. அவற்றை 1814இல் படைத்தவர் ஓர்சுடெட். மின்னோட்டத்திற்குக் காந்த விளைவு உண்டென 1820இல் கண்டுபிடித்து உலகையே புரட்டினாரே, அவரேதான்! மின்னாக்கியும் மின்னோடியும் பிறப்பதற்கு வழிவகுத்த அப்பேரறிஞர், தம் மொழியில் அறிவியற் சொற்கள் ஆக்குவதைத் தம் தகுதிக்குக் குறைவான வேலையெனக் கருதவில்லை. அவர் ஆக்கிய சொற்களுள் பல இன்றும் அந்நாட்டுப் பள்ளிகளிலும் வீடுகளிலும் வழங்குகின்றன.

'கலைச்சொல் ஆக்குவது வெறும் வெறியர் வேலை. அதனால் அறிவியல் வளருமா?' என்று நம்மை ஏளனம் செய்வோர் உளரன்றோ? அவர்கள் ஓர்சுடெட்டின் வாழ்க்கையைப் படிக்கட்டும். விண்ணளாவ நிற்கும் இற்றைக் காற்றுச்சுழலிக்கும் தேனியர் வழங்கும் பெயர் 'விண்டுமோல்லெ' என்பதே. காற்று ஆலை என்பது அதன் பொருள். மாவரைத்த பழைய ஆலைக்கு அவர்தம் பாட்டன்மார் இட்ட பெயரே அதுவும்.

இலா கூர் தம் ஆய்வோடு நின்றாரில்லை. 1904 முதல் சிற்றூர் மின்பணியாளர்க்கென அசுகோவில் தனிப்பயிற்சி தொடங்கினார். அங்குப் பயின்ற இளைஞர் தத்தம் ஊர் திரும்பி மின்னிலையங்கள் அமைத்தனர். 1918ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 120 ஊர் மின்னிலையங்களில் காற்றாலைகள் இயங்கின. அம்மாணவருள் ஒருவர் யோகானசு யூல். தம் முதிய அகவையில், 1957இல், கெட்சர் என்னும் கடற்கரையூரில் 200 கிலோவாட்டு ஆற்றலுடைய மூவிறகுச் சுழலியை அவர் நிறுவினார். பத்தாண்டுக்கு மேல் அது பழுதின்றி இயங்கிற்று. இன்று உலகெங்கும் சுழலும் காற்றாலைகளின் வடிவிற்கு அதுவே மூதாய். ஆசிரியர் ஒருவர் தாய்மொழியில் ஊன்றிய விதை, மாணவர் கையில் ஐம்பதாண்டுகளுக்குப் பின் காய்த்ததென்க.

நெருக்கடியில் நிமிர்ந்த மக்கள்

எனினும் இடையில் ஒரு பெருஞ்சரிவு நேர்ந்தது. அயல்நாட்டு எண்ணெய் மலிவாகக் கிடைத்தமையால் காற்றாலைகள் கைவிடப்பட்டன. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபொழுது, தென்மார்க்கு தன் ஆற்றல் தேவையில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழுந்துகள் ஓடக்கூடாது என அரசு தடை விதிக்க நேர்ந்தது. மின்வாரியங்கள் அணுவுலைகளை நாடின. மக்களோ சிரிக்கும் கதிரவன் உருவத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, 'அணுவாற்றலா? வேண்டா, நன்றி!' என்றனர். பல்லாண்டுகள் இடைவிடாது நடந்த எதிர்ப்பின் பயனாக, 1985 மார்ச்சு 29ஆம் நாள், அணுவாற்றலை நாட்டின் ஆற்றல் திட்டத்திலிருந்தே நீக்குவதென நாடாளுமன்றம் முடிவு செய்தது.

வேண்டா என்று கூறியதோடு அம்மக்கள் ஓய்ந்திருக்கவில்லை; வேண்டுவதைத் தாமே செய்து காட்டினர். கிறித்தியான் இரீசாகர் என்னும் மரத்தச்சர், சரக்குந்தின் பழைய உறுப்புகளைக் கொண்டு தம் தோட்டத்தில் 22 கிலோவாட்டுச் சுழலியைக் கட்டி, ஊர் மின்கம்பியோடு இணைத்தார். துவிண்டு என்னும் இடத்தில் ஆசிரியரும் மாணவரும் தன்விருப்பத் தொண்டரும் சேர்ந்து, 1975 முதல் 1978 வரை உழைத்து, உயர்ந்த தூணில் 2 மெகாவாட்டுச் சுழலியை எழுப்பினர். அப்பள்ளியமைப்பின் தலைமைமீது பின்னாளில் பணமுறைகேட்டு வழக்குகள் எழுந்ததுண்டு. ஆயினும் மாணவர் கைபட்டு எழுந்த அத்தூண் பொய்யாகிவிடவில்லை. இலெம் என்னும் சிற்றூரில் 1898இல் கொல்லுலையாகத் தொடங்கியதுதான் பின்னர்ச் சுழலி செய்யும் வெசுட்டாசு நிறுவனமாக உலகெங்கும் பரவியது.

அரசும் மக்களோடு நின்றது. 1979 முதல், சுழலி நிறுவுவோர்க்கு ஆகும் செலவில் 100க்கு 30 பங்கை அரசு கொடுத்தது. தொழில் வேரூன்ற வேரூன்ற அப்பங்கைக் குறைத்து 1989இல் நிறுத்திவிட்டது. ஊரார் கூடிக் கூட்டுறவு அமைத்து, பங்கு சேர்த்து, சுழலி வாங்கினர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இலக்கம் குடும்பங்களுக்கு மேல் காற்றாலைகளில் பங்குடையனவாக இருந்தன. தலைநகராகிய கோப்பன்கேகனின் கடல்முகத்தில் 2000ஆம் ஆண்டில் 20 சுழலிகள் நிறுவப்பட்டபொழுது, அவற்றுள் பாதி 8,000க்கு மேற்பட்ட பொதுமக்களின் கூட்டுறவுக்கு உடைமையாயின.

சாம்சோத் தீவில் கண்டது

இக்கூட்டுடைமையை நேரிற் காண விழைந்து, ஆர்கூசு நகரில் பணிபுரியும் என் மகளோடும் மருமகனோடும் சாம்சோத் தீவிற்குச் சென்றேன். ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்செலவு. உருளைக்கிழங்கு வயல்களும் ஆட்டுக்கிடைகளும் நிறைந்த உழவர் தீவு அது. மக்கள் நாலாயிரத்தினும் குறைவு. புதுப்பிக்கத்தக்க ஆற்றலாலேயே வாழ்ந்து காட்டும் முன்மாதிரித் தீவாக 1997இல் அரசு நடத்திய போட்டியில் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. நிலத்தில் 11 சுழலிகள், கடலில் 10 சுழலிகள். வைக்கோலை எரித்து நீரைக் காய்ச்சி நிலத்தடிக் குழாய் வழியே வீடுகளுக்கு வெப்பம் தரும் நிலையங்கள். இவையெல்லாம் பத்தாண்டுக்குள் எழுந்தன. கப்பலும் ஊர்திகளும் இன்னும் எரிவளியும் எண்ணெயும் கொள்கின்றன என்பது உண்மையே. அதற்கு ஈடாகக் கடற்சுழலிகளின் மின்னாற்றலைப் பெருநிலத்திற்கு அனுப்புகின்றனர்.

அத்தீவில் என்னைக் கவர்ந்தது பொறியன்று. உடைமை முறையே ஆகும். நிலத்துச் சுழலிகளுள் ஒன்பது உழவர்களுக்கு உடைமை. இரண்டு ஊர்ப் பங்காளர்களுக்கு உடைமை. கடற்சுழலிகளுள் ஐந்து ஊராட்சிக்கு உரியவை. இம்முயற்சியை முன்னின்று நடத்திய சோரன் எர்மான்சன் அத்தீவின் உழவர் மகன்; ஆசிரியராகவும் இருந்தவர். அவர் தீவாரிடம் தீவாரின் பேச்சில் ஊர்ஊராக அமர்ந்து பேசினார். முதிய உழவர் ஒருவரிடம், "இச்சுழலிகளின் ஓசை உங்களுக்குத் தொல்லையாக இல்லையா?" என்று மருமகன் வாயிலாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அயலானுடையதாக இருந்தால் தொல்லைதான், இதில் எனக்குப் பங்கு இருக்கின்றதே!" என்றார். தூணை அண்ணாந்து பார்த்தபொழுது அவர் முகத்தில், கறவை மாட்டைத் தடவிப் பார்க்கும் நம்மூர் உழவரின் பெருமிதத்தையே கண்டேன்.

அங்குள்ள குறைகளையும் மறைக்காமல் கூறுவதே அறம். கடலுள் எழும் பெருஞ்சுழலிக் கூட்டங்கள் பெருநிறுவனங்களின் கைக்குச் சென்றுவிட்டன. சிறு கூட்டுறவுகள் குறைந்துவருகின்றன. காற்றடங்கிய நாளில் நோர்வே, சுவீடன் நாடுகளின் நீர்மின்னாற்றலை வாங்கியே ஈடுசெய்கின்றனர். பல்கலைக்கழகங்களின் உயர்வகுப்புகளில் ஆங்கிலம் புகுந்து தேனியத்தை நெருக்குகின்றது. அதுபற்றி அங்கும் கவலையும் சொற்போரும் எழுந்துள்ளன. ஆயினும் சிற்றூர்ப் பள்ளிப்பிள்ளை அறிவியலைத் தன் தாய்மொழியில்தான் கற்கின்றது. அடித்தளம் இன்னும் அசையவில்லை.

நமக்கும் அவர்க்கும்

தென்மார்க்கு நமக்குப் புதிய நாடன்று. 1620இல் தரங்கம்பாடியில் வணிகத்திற்காகக் கோட்டை கட்டியவர்கள் தேனியரே. 1845இல் அதனை ஆங்கிலேயர்க்கு விலைக்கு விற்றுச் சென்றனர். ஆகவே அவர்களை நான் தெய்வமாக்கவில்லை. தம் நாட்டில் மொழியுரிமை காத்தவர்களே பிறர் நிலத்தில் கோட்டை கட்டியதும் உண்டு. நாம் கொள்ளவேண்டியதைக் கொள்வோம், தள்ளவேண்டியதைத் தள்ளுவோம்.

1980களின் இறுதியில் தேனிய அரசின் உதவியோடு முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் எழுந்தன. அதன்பின் ஆரல்வாய்மொழிக் கணவாயும் பாலைக்காட்டுக் கணவாயை ஒட்டிய வெளிகளும் சுழலிக்காடாயின. இன்று தமிழ்நாட்டில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். பெருமைதான்! ஆனால் பொறி வந்ததே, அதனோடு அங்கிருந்த மற்ற இரண்டும் வந்தனவா? தாய்மொழியில் அறிவு, ஊராரிடம் உடைமை என்னும் அவ்விரண்டையும் நாம் கேட்டுப் பெறவில்லை. வரிக்கழிவை நாடி நூற்பாலை முதலாளிகளும் நிறுவனங்களும் சுழலிகளை நிறுவினர். உழவன் நிலத்தை விற்றான். பின்னர் அவன் நிலத்திலேயே நின்ற தூணுக்குக் காவற்காரனானான். அவனுக்கு அக்காற்றில் பங்கு இல்லை. அவன் மகனோ, அச்சுழலி எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் தமிழில் படித்தறிய ஒரு கையேடு காணாமல், புரியாத ஆங்கிலத்தை நெட்டுருச் செய்கின்றான்.

முடியாததொன்றை நான் கேட்கவில்லை. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட்டுக் காற்றாலை ஒன்றை வாங்கி நிறுவி, தன் தேவைக்குப் போக எஞ்சிய மின்னாற்றலை வாரியத்திற்கு விற்கத் தொடங்கியது. கடன் பெற்றது, அடைத்தது. இலா கூர் சிற்றூர் மின்பணியாளர்க்குப் பயிற்சி தொடங்கிய அதே 1904ஆம் ஆண்டில்தான் நம் திரூரில் கூட்டுறவுக் கடன் கழகம் தோன்றிற்று. கூடித் தொழில் செய்யும் பழக்கம் நமக்கு அயலானதன்று. ஓர் ஓடந்துறை செய்ததை நூறு ஊராட்சிகள் ஏன் செய்யக்கூடாது?

மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நாம் சொல்லாய்வு செய்கின்றோம், கூட்டம் போடுகின்றோம், நன்று. இனி, காற்றாலைப் பணியாளரிடம் சென்று அமர்வோம். மக்கள் தாமே அதற்குக் காற்றாடி என்றும் காற்றாலை என்றும் பெயர் சூட்டிவிட்டனர். அறிஞர் எவரையும் அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் வாயில் வழங்கும் சொற்களைத் தொகுப்போம். இல்லாதவற்றிற்கு இறகு, தூண், பல்லுருளி, மின்னாக்கி, மின்மாற்றி என எளிய சொற்களை வைப்போம். பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளை படித்துப் பொறியைப் பிரித்துப் பூட்டும் அளவிற்கு, படங்களோடு ஒரு தமிழ்க் கையேடு ஆக்குவோம். பொறியியல் கற்ற தமிழன்பர் ஐவர், பணியாளர் ஐவர், தமிழாசிரியர் இருவர் முன்வந்தால் ஓராண்டில் அது முடியும். தமிழாசிரியருள் ஒருவனாக நான் இன்றே என் பெயரைத் தருகின்றேன்; மற்றையோர் கூட்டம் முடிந்ததும் செயலரிடம் பெயர் கொடுங்கள்.

மொழிகாக்க எல்லை கடந்து சென்ற சில ஆசிரியரின் பள்ளியிலிருந்துதான் ஒரு நாட்டின் விளக்கு எரிந்தது என்பதை மறவாதீர்கள். தமிழில் அறிவியல் வளராது என்பாரோடு சொற்போரிட்டது போதும். கையேட்டை அச்சிட்டு அவர் கையில் கொடுப்போம்.

வாழ்க தமிழ்!